எட்டுப் பேர் ஏறினால்தான் கிளம்பும் படகு

பணி ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கேக் வெட்டி, சால்வை போர்த்தி, என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. "எதையாவது கேளுங்க, பதில் சொல்றேன்" என்றேன். ஆன்லைன் விளையாட்டுகளுக்கு உலகம் கட்டும் பிரிவில் என்னோடு வேலை பார்த்த இளைய பிள்ளைகள்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், நீங்க போட்ட மொத மேப் எவ்ளோ பெருசு?"

"ஆவடியில கிளம்பினா பூந்தமல்லி வரைக்கும் வரும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் அப்போது கட்டிக்கொண்டிருந்த உலகத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை குதிரையில் கடக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும். விளம்பரத்திலும் அதைத்தான் பெரிதாகப் போடப்போகிறார்கள். "சரி, சாயங்காலம் முழுக்க குதிரை மேல போறேனே, வழியில யாரைப் பார்ப்பேன்?" என்று கேட்டேன். பதில் தெரிந்தவள் நான்தான். ஆனால் கையில் கேக்கை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வெள்ளானூர். தாத்தா காலம் வரை அடுத்தவர் கழனியில் கூலி வேலை. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனார். நான் ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் படித்தேன். எண்பதுகளின் பாதியில் அதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் வரைபட அறையில் சேர்ந்து, இரும்பு அச்சுகளுக்குப் படம் போட்டேன். கம்ப்யூட்டரில் வரைகிற காலம் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் பின்பாதியில், எஸ்டேட்டிலேயே ஒரு பிஸ்கட் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு மாறினேன். என் படிப்பையும் பயிற்சியையும் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வாழ்க்கை அந்த மாடியில்தான் ஆரம்பித்தது.

ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. அவரவர் வீட்டிலிருந்தபடி டெலிபோன் வழியாக ஆட்கள் உள்ளே வருவார்கள். ஒருவன் வில்லாளி, ஒருத்தி மருத்துவச்சி என்று ஆளுக்கொரு வேஷம். எல்லோரும் ஒரே நாட்டில் சேர்ந்து திரிவார்கள். அந்த நாட்டுக்குத் தரை போடுகிற வேலை எங்களுக்கு வந்தது. புல், மணல், கல், தண்ணீர் என்று கட்டம் கட்டமாக நிரப்பித் தர வேண்டும். விளையாட்டுக்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் 'நாடு' என்றே சொல்லுவோம். "நாட்டுல இன்னிக்கு கரண்ட் இல்ல" என்றால் சர்வர் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

எங்களுக்கு மேலே இருந்தவர் தேவசகாயம் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் நெடுங்காலம் இருந்து, ஐம்பது வயதுக்கு மேல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இந்த மேப் வேலையை நம்பி வந்தவர். வேலையோடு குவார்ட்டர்ஸும் போயிற்று. ஆவடி ஸ்டேஷன் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார். மனைவிக்கு அதில் வருத்தம் என்று கேள்வி. சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றி, சுவரோரமாக இரண்டையும் இணைத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பார். யார் செருப்பாவது கோணலாகக் கிடந்தால் அதையும் குனிந்து சரி செய்வார். அப்புறம் கோணலாக விட யாருக்கு மனசு வரும்.

வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் கிராப் தாளில் கலர் பென்சிலால் வரைய வேண்டும். ஒரு சின்னக் கட்டம் ஒரு காலடி. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகுதான் உண்மையான வேலை. அதற்குப் பெயர் நடை. ஒரு ஆளை மேப்பில் இறக்கி, அம்புக்குறிப் பட்டனைத் தட்டித் தட்டி, ஒரு மூலை விடாமல் நடத்திப் பார்க்க வேண்டும். சுவர் என்றால் முட்டி நிற்க வேண்டும், வாசல் என்றால் உள்ளே விட வேண்டும். குளத்தில் ஒரு கட்டம் தவறிப்போய் மணல் விழுந்திருந்தால் ஆள் தண்ணீர் மேல் நடந்து போவான். வரைந்தவர் நடக்கக் கூடாது, வேறொருவர்தான் நடக்க வேண்டும் என்பது சார் போட்ட சட்டம். போட்டவருக்கு ஓட்டை கண்ணில் படாது என்பார். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "நடந்து பாத்தாச்சாம்மா?"

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் நடப்பார். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் பட்டனைத் தட்டியபடி, மெதுவாக, நிஜமாகவே காலாற நடக்கிற மனிதர் மாதிரி போவார். நமக்கு அது பகல், அங்கே வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பி விளையாட உட்காரும் சாயங்காலம். அதனால் அவருடைய ஆள் போகிற வழியில் நிஜ ஆட்களும் எதிரே வருவார்கள். முதல் மேப்பில் நிறையவே வந்தார்கள். ஒரு சந்தை, ஒரு கோட்டை, ஒரு காடு, அவ்வளவுதான் அந்த நாடு. ஆனால் சந்தையில் நடக்க முடியாத நெரிசல்.

அப்போதுதான் போட்டிக் கம்பெனி ஒன்று இன்னும் பெரிய உலகத்தோடு வந்தது. ஆஸ்திரேலியாக்காரர்கள் பதறிப்போய், நாட்டைப் பல மடங்கு பெரிதாக்கச் சொன்னார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். நான் ஊர் ஊராக வரைந்து தள்ளினேன். ஏரி வரையச் சொன்னால் அம்மா பிறந்த அயனம்பாக்கத்து ஏரியைத்தான் வரைவேன். கரை வளைகிற வளைவு வரைக்கும் அப்படியே வரும். அங்கே எவனுக்குத் தெரியப்போகிறது.

இங்கேதான் எங்கள் புத்தியைக் காட்டினோம். சார் குவார்ட்டர்ஸில் வாழ்ந்தவர். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை, மைதானம் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஒன்றுக்காகவும் வெளியே அலைய வேண்டாம். நல்ல ஊர் என்றால் அவருக்கு அதுதான். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கொல்லன், ஒரு வைத்தியர், ஒரு கடை, ஒரு சத்திரம் வைக்கச் சொன்னார். நான் ஒரு படி மேலே போனேன். எங்கள் தெருவுக்கு ஒரே அடிபம்பு, முனையில் இருந்தது. பத்து வயதிலிருந்து குடத்தோடு வரிசையில் நின்றவள் நான். அதனால் நாட்டில் வீட்டுக்கு வீடு கொல்லையில் ஒரு கிணறு வைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு கிணற்றையும் வரையும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பெரிய நாடு திறந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று புள்ளி புள்ளியாகக் காட்டும் திரை ஒன்று சார் மேஜையில் இருந்தது. முதல் மேப்பில் சந்தையில் அப்பிக்கொண்டு இருந்த புள்ளிகள் இப்போது தரையில் சிந்திய கடுகு மாதிரி கிடந்தன. எல்லா ஊரிலும் எல்லாம் கிடைத்தது, யாரும் எங்கேயும் போகத் தேவையில்லை. சாரும் தினம் டீயோடு நடந்தார். டீ தீரும், எதிரே ஒரு ஆள்கூட வந்திருக்க மாட்டான். "ஊரு நல்லாத்தான் இருக்கு. ஆளத்தான் காணல" என்பார்.

உள்ளே வந்தவர்கள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள், பலர் திரும்பி வரவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் கூட்டம் திரும்பாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம் என்று அங்கிருந்து தகவல் வந்தது. எங்கள் கம்பெனிக்கு வேறு வேலைகள் உண்டு. மேப் பிரிவுக்கு இது ஒன்றுதான். எங்கள் வயதுக்கு எஸ்டேட்டில் வேறு எதையாவது தேடிக்கொள்ளலாம். சார் என்ன செய்வார்? விட்டு வந்த வேலையையும் குவார்ட்டர்ஸையும் யார் திருப்பித் தருவார்கள்? அவர் வழக்கம்போல் பகலில் டீயோடு நடந்தார். செருப்பை மட்டும் முன்னைவிட நேராக வைத்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் படகுப் புகார் வந்தது.

நாட்டின் குறுக்கே ஒரு ஆறு. அதைக் கடக்க ஒரே படகு. 'படகில் எட்டுப் பேர் ஏறலாம்' என்பது அவர்கள் எழுதித் தந்த விவரம். அந்தப் படகுக்கு புரோகிராம் எழுதியவன் பாபு. ஆவடிக்காரன், என்னைவிட இரண்டு வயது சின்னவன், கைக்குழந்தைக்குத் தகப்பன். படகு கிளம்பவே மாட்டேன் என்கிறது, ஆட்கள் கரையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சரி செய்யுங்கள் என்று புகார் சொன்னது. சார் பாபுவைக் கூப்பிட்டார்.

"படகு ஏன் கிளம்பலையாம்?"

"கிளம்புதே சார். எட்டு பேர் ஏறுனா கரீட்டா கிளம்பிரும்."

"ஏழு பேரு ஏறினா?"

பாபு அவரை ஒரு மாதிரி பார்த்தான். "இன்னா சார் கேக்குற? ஆள் ரொம்பாம எப்டி எடுப்பான்?"

அவன் மேல் எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. எஸ்டேட்டிலிருந்து ஆவடிக்கு அப்போது தனியார் வேன்கள் ஓடின. நேரம் கிடையாது, காலம் கிடையாது. கடைசி சீட்டில் ஆள் உட்கார்ந்தால்தான் டிரைவர் சாவியைத் திருப்புவான். பாபு வளர்ந்தது அந்த வேனில். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால், எட்டுப் பேர் ஏறும் வரை நிற்க வேண்டும் என்றுதான் அவனுக்குப் பொருள். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரன் எழுதியிருந்தாலும் இந்தத் தப்பு வந்திருக்காது. சாருக்கோ அந்த வேன் என்றாலே ஆகாது. "மனுசன் பொழுதத் திங்குத வண்டி" என்பார். வெயிலோ மழையோ, ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் பிடிப்பாரே தவிர, வேனில் காத்திருக்க மாட்டார்.

"நீ போயி நடந்து பாத்துட்டு வாம்மா" என்று என்னை அனுப்பினார்.

என் ஆளை ஆற்றங்கரையில் இறக்கினேன். அங்கே ஐந்து பேர் நின்றார்கள். எத்தனை நாளாக அந்த நாட்டில் ஐந்து பேரை ஒரே இடத்தில் பார்க்கவில்லை. நான் போனதும் ஒருவன், ஆறு ஆயிற்று, இன்னும் இரண்டு பேர் என்று எழுதினான். எனக்கு இங்கிலீஷ் பேச வராது, படித்தால் புரியும். ஒருத்தி பிடித்த மீனை வறுத்து நிற்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். ஒருவன் படகுக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினான், மற்றவர்கள் கூடச் சேர்ந்து திட்டினார்கள். இன்னொருவன் பொறுக்க முடியாமல் பக்கத்து ஊருக்கு ஓடிப்போய், கிணற்றடியில் தனியாக நின்ற ஒருவனைக் கையோடு அழைத்து வந்தான். எட்டாவது ஆள் தூரத்தில் தலை காட்டியதும், ஓடி வா, ஓடி வா என்று எல்லோரும் எழுதித் தள்ளினார்கள். நானும் எழுதினேன். படகு நகர்ந்தபோது என்னை அறியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டிவிட்டேன். அக்கரையில் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் போவார்கள் என்று பார்த்தேன். போகவில்லை. எட்டுப் பேரும் சேர்ந்து காட்டுக்குள் நடந்தார்கள்.

ஓடிப்போய் சார் மேஜையில் புள்ளித் திரையைப் பார்த்தேன். நாடு முழுக்கக் கடுகு. ஆற்றங்கரையில் மட்டும் ஒரு கொத்து.

"சார், அதைச் சரி பண்ணாதீங்க" என்றேன்.

"ஜனங்கள நிக்க வைக்கது தப்பும்மா. காசு குடுத்து வந்து வெறுங்கரையில ஏன் நிக்காவ?"

"நிக்கிறாங்க சார். நின்னுகினு பேசுறாங்க."

அவர் என்னை நம்பவில்லை. நம்பாததை எப்படித் தீர்ப்பார் என்று எங்களுக்குத் தெரியும். பகல் சாப்பாடு முடிந்தது, செருப்பு சுவரோரம் சேர்ந்தது, டீ வந்தது. சாரின் ஆள் ஆற்றங்கரைக்குப் போய் நின்றான். அங்கே அப்போது இரண்டே பேர். நேரம் போய்க்கொண்டிருந்தது. பாபு நகத்தைக் கடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். "போச்சுக்கா. இவரு இப்ப கடுப்பாகி எந்திரிச்சிருவாரு" என்று என் காதில் சொன்னான். சார் எழுந்திருக்கவில்லை. திரையில் யாரோ எதையோ கேட்டார்கள், ஒற்றை விரலால் பதில் தட்டினார். பிறகு அவர் ஒன்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் தானாகச் சிரித்தார். டீயில் ஏடு படிந்துவிட்டது, அவர் தொடவேயில்லை. எட்டுப் பேர் சேர்ந்து படகு கிளம்பிய பிறகுதான் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"இதுல ஒருத்தன் மரவேலைக்காரன். நிசத்துலயும் மரவேலைதானாம். சின்னதா ஒரு பொண்ணு இருக்காம், பள்ளிக்கூடம் போவமாட்டேன்னு அழுவாளாம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாபு, படகத் தொடாத."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்து என் பக்கம் திரும்பினார். "நீ போயி கிணத்தையெல்லாம் எடுத்துரும்மா. ஊருக்கு ஒண்ணு போதும். கொல்லன நாட்டுக்கே ரெண்டு பேரா வையி."

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை சாரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"கிணத்த எடுக்க மாட்டேன் சார். தண்ணிக்கு நின்னவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நீங்க குவார்ட்டர்ஸ்ல குழாயத் தொறந்தா தண்ணி வந்திச்சி."

பாபு கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். சார் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்: "வரிசையில நிக்கையில என்னம்மா செய்வீங்க?"

"இன்னா செய்வோம், பேசுவோம். பேச்சு முத்திச்சின்னா சண்ட."

"யாரு கூட?"

"தெருவே அங்கதான சார் நிக்கும்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. சார் மேற்கொண்டு எதுவும் பேசாமல் போய்விட்டார், அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கிணறுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். எனக்கு அழுகை வந்தது உண்மை. இன்றைக்கும் கேட்டால் வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும் என்றுதான் சொல்வேன். அதில் எவன் பேச்சையும் கேட்க மாட்டேன். விளையாட்டில் ஊருக்கு ஒரு கிணறு போதும்.

படகு பழுதில்லை, தெரிந்தே அப்படி விட்டிருக்கிறோம், மாதக் கடைசி வரை பொறுத்துப் பாருங்கள் என்று சார் ஆஸ்திரேலியாவுக்கு எழுதினார். பாபு போட்ட தப்பைத் தன் பேரில் எழுதிக்கொண்டார் என்பதை எங்களிடம் சொல்லவில்லை. அது சரிப்படாவிட்டால் முதலில் போவது அவர் தலைதான். அதற்குப் பிறகு தினமும் பகலில் நாங்கள் எல்லோரும் அவர் மேஜையைச் சுற்றி நின்று புள்ளிகளைப் பார்த்தோம். கிணற்றடியில் இரண்டு சேர்ந்தது, கொல்லன் வாசலில் நான்கு சேர்ந்தது. ஆற்றங்கரைக் கொத்து நாளுக்கு நாள் பெருத்தது. யாரோ ஒருவன் அங்கே கடை போட்டுவிட்டான். படகில் ஏறவே ஏறாமல், கரையில் பேசிவிட்டுப் போவதற்கென்றே சிலர் வர ஆரம்பித்தார்கள். ஆனாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

மாதக் கடைசி நாள், வேலை முடிகிற நேரத்தில்தான் பதில் வந்தது. சார் கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடியே படித்தார். படகு அப்படியே இருக்கட்டும், அடுத்த பகுதிக்கு வேலையைத் தொடங்குங்கள் என்று இரண்டே வரி. பாபு கத்திக்கொண்டு வெளியே ஓடினான். அப்போதுதான் தரையைப் பார்த்தேன். சார் காலில் செருப்பு இருந்தது. கழற்றாமலே அறைக்குள் வந்திருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து கீழே இறங்கினோம். வழக்கமாக எஸ்டேட் வாசலில் சார் ஸ்டேஷன் பக்கம் திரும்புவார், நானும் பாபுவும் வேனுக்குப் போவோம். அன்று அவரும் எங்களோடு வந்தார். வேனில் ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் எண்ணெய் படிந்த சட்டையோடு ஒரு பட்டறைக்காரர். சார் அவரைப் பார்த்து, "நீங்க எங்க எறங்குதீய?" என்று கேட்டார். ஆவடிக்கு முந்தின நிறுத்தம் என்று ஆரம்பித்து, அந்த மனிதர் தன் மச்சினன் வீடு கட்டுகிற கதைக்குப் போய்விட்டார். வேன் ரொம்ப நேரமாக நின்றிருந்தது போல. ஒரே ஒரு சீட் மீதி. டிரைவர் அலுத்துப்போய் சாவியைத் திருப்பினான்.

"சரி நைனா, போதும். எடுத்துர்றேன்" என்றான்.

சார் முன்னால் குனிந்து அவன் தோளைத் தொட்டார்.

"அவசரப்படாதப்பா. இன்னும் ஒரு ஆளு வரட்டும்."